பச்சைப் புட்டி

ஆலங்கட்டி மழைக்கு மறுநாள்
சாட்ஸ்வொர்த் மூன்றாம் யூனிட்டில்
என் பட்டறை வாசலில் பதினோரு வண்டிகள்.
அன்றைக்குத்தான்
என் வலப்பக்கம் என்னை விட்டு எழுந்து போனது.

இருபத்தாறு வருஷம் தகரம் தட்டியவன் நான்.
பானெட்டைக் கட்டைவிரலால் அமுக்கு,
டொக்கென்று உள்ளே போய்
டொக்கென்று வெளியே வரும்.
இன்னும் ஒரு மயிரிழை அமுக்கு,
வராது.
அந்த மயிரிழையைத் தாண்டியது எதுவும்
பழையபடி ஆவதில்லை.
"புதுசு மாதிரி" என்பது
பில்லில் மட்டும் எழுதுவது.

ஆர்.கே. கான் ஆஸ்பத்திரியில்
தண்டேகா என் உள்ளங்கையில்
ஓர் உருண்டை பச்சைப் புட்டி வைத்தாள்.
சிரிப்பு வந்தது, பாதி வாயில்.
எனக்கே புட்டியா, பெண்ணே?
டப்பா டப்பாவாக
டொயோட்டா கதவுகளில் பூசியவன்!
சொல்ல நினைத்தது அது.
வெளியே வந்தது: "ஸ்பானர்."

எல்லாமே ஸ்பானர்தான் அப்போது.
தண்ணீர் ஸ்பானர். கோகிலம் ஸ்பானர்.
கடவுளையும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

மூளையில் செத்த இடம் செத்ததுதான்,
ஒளிக்காமல் சொன்னாள் தண்டேகா.
பக்கத்து இடம் அந்த வேலையைப் பழகும்,
விடாமல் கேட்டுக்கொண்டிருந்தால்.
ஹிகின்சன் நெடுஞ்சாலை அடைத்துக்கொண்டால்
டாக்சிக்காரன் எந்தச் சந்தில் புகுவான் என்று
எனக்குத் தெரியாதா?

முதல் மாதம் உருண்டை உருண்டையாகவே திரும்பியது.
இரண்டாம் மாதம் கட்டைவிரல் ஒரு பள்ளம்.
அந்த வெறியில் இரவும் பகலும் அமுக்கினேன்.
கை விறைத்து மரமானது.
எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்:
ஒரே இடத்தில் அடித்துக்கொண்டே இருந்தால்
தகரம் வீம்பு பிடிக்கும், பிறகு விரியும்.
கொஞ்சம் சூடு காட்டி, ஆறவிட்டு,
ஒரு சிகரெட் முடித்துவிட்டு வந்துதான் தொடவேண்டும்.
சிகரெட் இனிக் கூடாதாம்.
தூங்கினேன்.

ஜூலைக் குளிரில் ஒரு செவ்வாய்
மோதிரவிரல் நகத்தடம் பதித்தது.
பிறைபோல என்று சொல்லமாட்டேன்,
பார்க்கிங்கில் யாரோ இடித்த
சின்ன நசுங்கல்போல.
எடுக்கவேண்டாம் என்று நான் கெஞ்சிய முதல் நசுங்கல்.

இப்போது இடக்கையில் சுத்தி.
வலக்கை தகரத்துக்கு அடியில்
தாங்குகட்டையைப் பிடித்திருக்கும், நடுங்கியபடி.
ஜபுலானி எதுவும் கேட்கவில்லை.
வண்டிக்கு மறுபக்கம் மாறி நின்றுகொண்டான்.

ஞாயிறு. வீட்டில் ஆட்டுக்கறி கொதிக்கிறது.
அடுப்படியிலிருந்து கோகிலத்தின் குரல்:
"சகரேன், அந்தப் பெரிய ஸ்பானரை எடுடா!"
டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்
கரண்டியை நீட்டுகிறான் பையன்.