பத்துக்கு ஒன்று குறைவு

நாகமலைக்குப் பின்னால் வெயில் இறங்குகிற நேரம்
நுண்ணோக்கிக்குள் ஊதா விடிகிறது,
நாவற்பழம் தின்ற நாக்கின் நிறத்தில்.
சுண்டெலியின் சிறுகுடல், குறுக்குவெட்டு.
பன்னிரண்டு கிரே.
எண்பத்து நான்காம் மணி.

அறுத்த வாழைத்தண்டு போல வட்டம்.
அதன் விளிம்பில் நூற்று முப்பது குழிகளாவது இருக்க வேண்டும்,
குழிக்குக் கொஞ்சம் குருத்தணுக்கள்.
இப்போது
ஞாயிற்றுக்கிழமை தாலுகா ஆபீஸ் வராந்தா.

விதி எளிது:
பத்து செல்லாவது ஒட்டி நின்றால்
அந்தக் குழி பிழைத்தது, எண்ணு.
குறைந்தால் விடு.
ஏழு, விடு. நான்கு, விடு.
கையிலிருக்கும் எண்ணி
எப்போதாவது டிக் என்கிறது.

இந்த எலிகளின் தாய்க்கும் அதன் தாய்க்கும்
தீவனம் வைத்தவர் ஒச்சப்பன்.
கூண்டிலிருந்து தூக்கும்போது "பைய, பைய" என்பார்,
எலியிடமா என்னிடமா தெரியாது.
பங்குனியில் அவர் கன்னத்துக்குள் ஒரு புண்,
புகையிலை அடக்குகிற பக்கம்.
பெரியாஸ்பத்திரியில் முப்பத்து மூன்று தவணை,
முகத்தை மேஜையோடு இறுக்கும் வெள்ளை வலை,
நாளுக்கு இரண்டு கிரே,
சனி ஞாயிறு கிடையாது.

இருபதாவது முடிந்த அன்று போயிருந்தேன்.
உதடு பிரியாமல் கேட்டார்:
"ஏம்மா, எனக்கு எண்பத்துநாலு மணி எப்பவோ தாண்டிருச்சே,
இன்னும் யாரும் அறுத்துப் பாக்கக் காணோம்?"
சிரித்தது எரிந்திருக்க வேண்டும்.
கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சியக்காவுக்கு வேறு கேள்வி:
"சனிக்கெழம கரண்ட் வைக்காம விட்டுர்றாகளே,
நோய்க்கு லீவு உண்டா?"
நோய்க்கில்லை, சதைக்கு, என்றேன்.
செத்ததன் பக்கத்தில் பிழைத்த ஒன்று
இரண்டாகி இடம்பிடிக்க
அவகாசம் வேண்டும் என்றேன்.
அது கட்டிக்கும் கிடைக்கிற அவகாசம் என்பதை
விட்டுவிட்டேன்.
அவர் மோர்த்தண்ணியில் கரண்டியை விட்டார்.

பதினேழாம் ஸ்லைடு.
கடிகாரத்தில் மூன்று இருக்குமிடத்தில் ஒரு கொத்து,
கருக்கள் கறுத்து, நெருக்கியடித்து.
ஒன்றின் நடுவே நிறமிழைகள் விலகத் தொடங்கியிருக்க,
அந்த நொடியில் ஃபார்மலின் பிடித்துக்கொண்டது.
எண்ணினேன். ஒன்பது.
ஃபோகஸைத் திருப்பி எண்ணினேன். ஒன்பது.
பிரிந்துகொண்டிருப்பதை
இரண்டென்று வைத்தால்?

யாரும் பார்க்கப் போவதில்லை.
ஏசி தண்ணீர் பக்கெட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.
பிரியும்வரை அது ஒன்றுதான்.
எண்ணியைத் தொடவில்லை.
நோட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்,
எதற்கென்று எழுதவில்லை.

போன் அடித்தது. பேச்சியக்கா.
தவணை முடிந்து இது ஆறாவது வாரம்.
"ரசத்துல உப்புக் கூடன்னு வையிறாரும்மா."
உப்பென்றாரா, உறைப்பென்றாரா,
சரியாகக் கேட்டுச் சொல்லுங்கள் என்றேன்.

"உப்புதான்.
ரெண்டு தடவ சொன்னாரு."