வாய் மட்டும் என்னுடையது

பாலம் திறந்த மறு வருஷம் படக்காரர்கள் வந்தார்கள்.
தங்கச்சிமடம் ஐஸ் கம்பெனி வாசலில்
உடைந்த கட்டி பொறுக்கித் தின்றுகொண்டிருந்த என்னை
ஒருவர் முகவாயைப் பிடித்துத் திருப்பினார்,
சீலாவின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல.
அன்றுவரை டெல்பின் மேரி.
மூன்றே நாளில் பேபி மதுமதி.

வில்லூண்டிக் கரையில் காட்சி.
கடலுக்குப் போகும் அப்பனைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.
அப்பனாக நடித்தவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை;
வள்ளத்தின் மறுபக்கம் குனிந்து வாந்தி எடுத்தார்.
நான் கூப்பிட்டேன்: யப்பா.
பதினோரு தடவை.
வெயில் இறங்கியதும் முந்நூறு ரூபாய் கொடுத்து
கவுனைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

ராமநாதபுரம் கொட்டகையில்
ஆளுயரத்துக்கு என் வாய் திறந்தது.
வந்தது வேறு யாரோ.
"அப்பா" என்றாள் ஒருத்தி,
பல் தேய்த்துப் பவுடர் போட்டு வந்தவள் மாதிரி.
பக்கத்தில் அப்பா முறுக்கை மெல்வதை நிறுத்தினார்.
"ஏளா, இது நம்ம புள்ள சத்தம் இல்லயே."
"மூஞ்சி நம்மதுதான, பாருங்க" என்றாள் அம்மா.

இன்னும் நான்கு படம்.
நான்கிலும் யாரோ பேசினார்கள்.
பன்னிரண்டு வயதில் மேனேஜர்
"வளந்துட்டியேம்மா" என்றார்,
திருட்டைக் கண்டுபிடித்தவர் குரலில்.

அதன்பிறகு சாலிகிராமம்,
ஜன்னல் இல்லாத குளிர் அறை.
முதல் வேலை ஒரு கல்யாண வீட்டில்
ஏழு பேர் சிரிப்பதில் நான்காவது சிரிப்பு.
பதினாறு வயதில் மைக்குக்கு முன்னால்
நின்றபடி பிள்ளை பெற்றேன்.
"வலி நல்லாருக்கு, மூச்சு பத்தல" என்றார் இஞ்சினியர்.
நாக்கிலிருந்து ஊரைச் சுரண்டினேன்.
எத்தனை சுரண்டினாலும்
வாலோரம் நாலு செதில் ஒட்டித்தான் இருக்கும்.

தொழில் சின்னதுதான்.
ப வந்தால் உதடு மூடும், ம வந்தால் மூடும்,
அந்த இரண்டையும் பிடித்துவிட்டால்
மற்றதெல்லாம் இழுத்த இழுப்புக்கு வரும்.
ஹைதராபாத்துக்காரி வாயில், பம்பாய்க்காரி வாயில்
இருபது வருஷம் தமிழ் நட்டேன்.
ஒரு தடவை மண்டபத்துப் பிள்ளை ஒருத்தி திரையில்,
மூக்கு ஒழுக, தொண்டை கரகரக்க,
"யப்பா" என்கிறாள்.
நான் "அப்பா" என்றேன்.
அப்படித்தான் கேட்டார்கள்.
பேசிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு
வடபழனியில் பஸ் ஏறினேன்.

போன மாதம் தம்பி ரெமிஜியுஸ் மகளுக்குப் புதுநன்மை.
வெள்ளைக் கவுனோடு அவள்தான்
போனில் அந்தப் படத்தைத் தேடி எடுத்தாள்.
"அத்தை, இது நீங்களா?"
சத்தத்தை அணைக்கச் சொன்னேன்.
பின்கட்டில் பிரியாணிச் சட்டியைச் சுரண்டுகிறார்கள்.
உள்ளங்கை அகலத்தில்
கரை, வள்ளம், கவுன்.
முப்பத்தைந்து வருஷம் தாமதமாக
என் வாய்க்குள் நான் பேசினேன்.

யப்பா.

ஒட்டியது.
பிள்ளைகள் கைதட்டினார்கள்.

ஆனால் காட்சி அங்கே முடியவில்லை.
வெட்டுவதற்கு முன் ஒரு நொடி
அந்தச் சிறுமி கேமராவுக்கு வெளியே
யாரையோ பார்த்துத் திரும்பி ஏதோ சொல்கிறாள்.
கொட்டகையில் அப்போது பாட்டு தொடங்கியிருக்கும்;
யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.
உதடு இரண்டு தடவை மூடுகிறது.
எழுதிக்கொடுத்த வசனம் இல்லை.
எந்த ஊர்க்காரி உதட்டையும் படிக்கிற நான்
ஆறு தடவை ஓட்டிப் பார்த்தேன்.

"போதுமா"வாக இருக்கலாம்.
"பாம்புன்னு சொல்றீங்க அத்தை" என்கிறாள் தம்பி மகள்.
கரையில் கடல்பாம்பு ஒதுங்கும் மாதம்தான் அது.

இரண்டையும் பேசிப் பார்த்தேன்.
இரண்டும் ஒட்டுகிறது.