ஏழாவது சொத்து

மனுவில் அது ஏழாவது சொத்து.
ஆறாவது, கிணற்றில் நாலில் ஒரு பங்கு.
எட்டாவது, வெண்கல அண்டா ஒன்று.
நடுவில்,
‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், வெளிர்பச்சை, ஓடும் நிலையில்.’

ஓடும் நிலையில்தானா என்று பார்க்க
நாளைக் காலை பத்து மணிக்குக் கமிஷனர்
பாளையங்கோட்டையில் காத்திருப்பார்.
சாவி அண்ணனிடம், ஆர்.சி. புக் என்னிடம்.
ஒருத்தரை விட்டுவிட்டு ஒருத்தர் கொண்டுபோக
இரண்டு வக்கீல்களுமே சம்மதிக்கவில்லை.
அதனால் வள்ளியூரிலிருந்து
அவன் முன்னால், நான் பின் சீட்டில்,
வாடகைக்குப் பிடித்து வந்தவள் மாதிரி.

நாங்குநேரி தாண்டி மூன்றடைப்பில் நின்றது.
முதலில் ஓர் இருமல்.
சைலன்சருக்குள் யாரோ வேட்டுப் போட்டது போல ஒன்று.
பிறகு ஆனிக் காற்று மட்டும்.

ஊர்ப் பலகையைப் படித்துவிட்டு
“மூணுதான, ஒண்ணொண்ணாப் பாப்போம்” என்றான் உச்சிமாகாளி.
என்னிடம் சொன்னானா காரிடம் சொன்னானா தெரியவில்லை.
ஏழு மாதத்தில் நான் கேட்ட முதல் வாக்கியம்.

பெட்ரோல் வருகிறது, குழாயை உருவி முகர்ந்தான்.
காற்றுக்கு இங்கே பஞ்சமா?
மிச்சம் நெருப்பு.

ஹெரால்டுக்கு பானெட் முன்பக்கமாகக் கவிழும்,
முகத்தையே கழற்றி மடியில் வைத்த மாதிரி.
முதல் பிளக்கை எடுத்து வயரோடு
இன்ஜின்மேல் சாய்த்தான்.
ஒருத்தர் பார்க்க வேண்டும், ஒருத்தர் திருப்ப வேண்டும்.
சாவியை நீட்டினான்.
வாங்கிக்கொண்டேன், ரசீது கேட்கவில்லை அவன்.

பொறி இல்லை.
மூன்றில் இல்லை, நான்கில் இல்லை, இரண்டிலும் இல்லை.
ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு:
அது பிறந்த வரிசை இல்லை, எரிகிற வரிசை.
எங்கள் வீட்டிலும்
இரண்டாம் பிரதிவாதி நான்தான் கடைசியில் எரிந்தேன்.

பாயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்தான்.
காயிலின் தடித்த வயரைப் பிடுங்கி
இன்ஜினுக்கு ஒரு நெல் தூரத்தில் பிடித்தபடி
கையில் சுற்றத் துண்டைத் தேடினான்.
அதற்குள் நான் திருப்பிவிட்டேன்.

சத்தியமாய்,
அவன் ‘சரி’ என்றது போலத்தான் கேட்டது.
காற்று, ஒரு லாரி,
அப்புறம் அந்த ஏழு மாதம்.
கூண்டில் ஏற்றிக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

“ஏளா!” என்று துள்ளிக் கையை உதறினான்.
வயலோரத்துக் கொக்கு எழும்பிப் போனது.
வசவுக்குக் காத்திருந்தேன்.
விரல் நுனியைப் பார்த்துக்கொண்டே
“காயில் நல்லாருக்கு” என்றான்.

காயிலில் இருக்கிறது, பிளக்கில் இல்லை.
நடுவில் எங்கேயோ ஒழுகுகிறது.
டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்,
அவன் கண்ணாடியில் ஒரு தடவை, என் கண்ணாடியில் ஒரு தடவை.
வெயிலில் ஒன்றும் தெரியவில்லை.
“இருட்டட்டும்” என்றான்.

இருட்டு வராதா என்று
யாராவது மேற்கே பார்த்து உட்கார்ந்திருப்பார்களா?
பனைகளுக்குப் பின்னால் வெளிச்சம்
வாய்தா வாங்கிக்கொண்டே இருந்தது.
அண்டாவைப் பற்றிக் கேட்டேன்.
“நீயே வச்சுக்கோ. அடி ஓட்டை.”
எட்டாவது சொத்து அவ்வளவில் முடிந்தது.

ஏழரைக்குத் திருப்பினேன்.
பானெட் இல்லாத முகத்தில், சீட்டிலிருந்தே தெரிந்தது:
கறுப்பு மூடியின் நடுவிலிருந்து ஓரத்துக் கிளிப் வரை
ஒரு நீல நரம்பு,
விட்டு விட்டு.
பகலெல்லாம் அங்கேதான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.
அழகாக வேறு இருந்தது.
தேவைக்கு மேல் இரண்டு தடவை திருப்பினேன்.
போதும் என்று அவனும் சொல்லவில்லை.

என் கொண்டை ஊசியால் விரிசலின் கரியைச் சுரண்டினான்.
டாஷ்போர்டுக்குள் அவன் மகள் விட்டுப்போன
ரோஸ் நகப்பூச்சு, மூன்று கோட்டிங்.
ஆனிக் காற்றே ஊதிக் காயவைத்தது.

முன் சீட்டில் ஸ்பேனர்களும் எண்ணெய்த் துணியும் கிடந்தன.
பின்னால்தான் உட்கார்ந்தேன்.

காலையில் கமிஷனர் ‘ஓடுகிறது’ என்று எழுதினார்.
மூடியைக் காட்டி
“இதென்ன ரோஸ் கலர்?” என்றார்.

வாதியும் பிரதிவாதியும்
ஒரே நேரத்தில்
“ஒண்ணுமில்ல சார்” என்றோம்.

அடுத்த வாய்தா ஆவணியில்.
சாவி இன்னும் என் பையில் கிடக்கிறது.
கேட்டு அவன் ஆள் அனுப்பவில்லை.