காற்று இருக்கிறது

நாங்கள் நோயாளிகளைப் பார்ப்பதில்லை.
அவர்கள் எங்களிடம் வருவது
மூடி போட்ட வாளிகளில், ஃபார்மலினில் மிதந்தபடி,
ஈரத்தில் மை கலங்கிய லேபிளோடு.

பில்சென் ஆஸ்பத்திரியின் அடித்தளம். ஜனவரி.
ஜன்னலுக்கு வெளியே கால்கள் மட்டும் போகும்.
காற்று திசை மாறினால்
பீர் ஆலையின் மால்ட் வாசம் உள்ளே வந்து
பசியைக் கிளப்பும்.
கையில் கத்தியோடு பசிப்பது
இருபது வருடமாகியும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

இடது சிறுநீரகம். முந்நூற்று நாற்பது கிராம்.
நீளவாக்கில் பிளந்தேன்.
மேல்முனையில் ஒரு மஞ்சள்,
வெயிலில் வைத்து மறந்த வெண்ணெயைப் போல.
எரிக்காமல்
செல்கள் பதுக்கி வைத்த கொழுப்பு அது.

ஆல்கஹாலில் குளிப்பாட்டி, சைலீனில் அலசி,
மெழுகில் புதைத்து, நாலு மைக்ரானில் சீவினேன்.
லென்ஸின் கீழே இப்போது
அறை அறையாய் வெறும் வெள்ளை.
சுவர் உண்டு, மூலையில் ஒரு கரு உண்டு,
சாமான் ஏற்றிப் போன வீடு மாதிரி.
தெளிந்த செல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

வியாழக்கிழமை
வாளிக்குச் சொந்தக்காரரே இறங்கி வந்துவிட்டார்.
ஓத்மார் வொண்ட்ராஷ், ஐம்பத்தெட்டு,
நகர வெப்ப நிலையத்தில் கொதிகலன் பொறுப்பு.
ஆஸ்பத்திரிச் செருப்பு. விலாவில் அழுத்திய உள்ளங்கை.
"என்னுடையதை நான் பார்க்கலாமா?"
கூடாது.
டாக்டர் ஹ்ருபெஷோவா காபிக்குப் போயிருந்தார்.
ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

வெகுநேரம் குனிந்திருந்தார்.
"காலியாக இருக்கிறதே.
இந்தக் காலியா என்னைத் தின்றது?"

காலி இல்லை ஐயா, நிறைந்து பிதுங்கியது.
கொழுப்பும் சர்க்கரையும் அலசலில் போய்விட்டன.
காலி என்பது என் கைவேலை.

"ஏன் சேர்த்தது? ஏன் எரிக்கவில்லை?
காற்று போதவில்லையா?"

காற்று இருக்கிறது.
இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு
இந்த இரண்டு அவரை விதைகளுக்குத்தான்.
ஆனால் செல்லுக்குள் ஒரு புரதம்;
'மூச்சு முட்டுகிறது' என்ற சீட்டை
காற்று உள்ளவரை கிழித்துப் போடுவது அதன் உத்தியோகம்.
மூன்றாம் குரோமோசோமின் குட்டைக் கை உடைந்ததில்
அந்த உத்தியோகஸ்தர் காணாமல் போனார்.
சீட்டுகள் குவிகின்றன.
செல் நம்புகிறது.
உலையை அணைக்கிறது. சர்க்கரைக்குக் கதவுகளைத் திறந்து,
அரைகுறையாய்ப் புளிக்கவைத்துத் தின்கிறது.
கொழுப்பை மூட்டை கட்டுகிறது.
புதுப்புது ரத்தக் குழாய்களைக் கூவி அழைக்கிறது,
ஏற்கனவே இருக்கிற காற்றைக் கொண்டுவர.

அவர் சிரித்தார். தையல் வலித்திருக்க வேண்டும்;
சிரிப்பைப் பாதியில் பிடித்துக்கொண்டு
"சென்சார்" என்றார்.

"மூன்றாம் கொதிகலன். ஒரு பிப்ரவரி.
காற்றில்லை, காற்றில்லை என்றது மீட்டர்.
விசிறிகளை முழு வேகத்தில் விட்டோம், உலை குளிர்ந்தது.
வேகாத நிலக்கரி தட்டில் மலையாய்க் குவிந்தது.
மூன்று இன்ஜினியர்கள். எல்லாவற்றையும் மாற்றினார்கள்,
கட்டைவிரல் அளவு அந்தச் சனியனைத் தவிர."

எத்தனை நாள் நம்பினீர்கள்?

"பதினொன்று." பிறகு மெதுவாக,
"என் உடம்பு?"

முப்பது வருடம் இருக்கலாம், அதற்கு மேலும்.

கண்ணை லென்ஸிலிருந்து எடுக்காமலே கணக்குப் போட்டார்.
"அப்போது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை"
என்றார், யாரிடமோ புகார் சொல்வதைப் போல.
ஸ்டூலை இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை, யாரும் கேட்கவில்லை,
வாளியில் மிஞ்சிய ஒரு துண்டை
அலசாமல், உறையவைத்துச் சீவி,
கொழுப்பு குடிக்கும் சிவப்புச் சாயம் விட்டேன்.

ஒரு வீடும் காலியில்லை.
வாசல்வரை சிவப்புத் துளிகள்,
பஞ்சமே வராத ஊரில்
பஞ்சத்துக்குச் சேர்த்தவை.

அறிக்கையில் இதற்கு ஒரு கட்டம் கிடையாது.
கண்ணாடியின் ஓரத்தில் பென்சிலால்
தேதி மட்டும் போட்டு வைத்தேன்.