நிகர எடை

காடாம்புலியூர் ரோட்டு எடைமேடையில்
பதினோரு வருஷமாகச் சீட்டு எழுதுகிறேன்.
சித்திரையிலிருந்து ஆடி வரைக்கும் பலா போகும்,
காய்க்கும் காய்க்கும் நடுவே வைக்கோல் திணித்து,
தார்ப்பாய் இறுக்கி,
பத்து டன், பன்னிரண்டு டன்,
எனக்குப் பெயர் மட்டும் தெரிந்த ஊர்களுக்கு.
போனதெல்லாம் நோட்டில் இருக்கிறது.
திரும்பி வருவதற்கு நோட்டில் கட்டமே கிடையாது.

போன வைகாசியில் ஒரு ராத்திரி
அஞ்சலாட்சி ஒரு குட்டியானையை மேடையில் ஏற்றினாள்.
ஈ முன்னால் வந்தது, வண்டி பின்னால்.
தோல், சடை, நடுத்தண்டு, அழுகின சுளை,
சிப்ஸ் கம்பெனி வெட்டி எறிந்த மிச்சம்.
"குப்பைக்கு எதுக்கு எடை?"
"நாப்பது ரூபா குடுக்கிறேன்ல, சீட்டப் போடு."

அவளுக்கு ஒன்றேமுக்கால் ஏக்கர்.
பெய்த மழையை ஒரு நாள்கூட வைத்துக்கொள்ளாமல்
கெடிலத்துக்கு அனுப்பிவிடுகிற செம்மண்.
யூரியா தின்றுவிட்டு
பொக்குக் கடலையாகக் கொடுத்த மண்.

அதுவரை அந்த மிச்சத்தை ஆற்றங்கரையில் கொட்ட
கம்பெனிதான் வண்டிக்கு முந்நூறு தந்தது.
நாலாவது நடையில் மேனேஜர் யோசித்தார்.
ஐந்தாவது நடைக்கு விலை நூற்றைம்பது.
ஒருத்தி வேண்டும் என்றதும்
குப்பை சரக்காகிவிட்டது.

மறந்துபோன சீட்டைக் கொடுக்க ஒரு தரம் போனேன்.
முந்திரிச் சருகு, அதன்மேல் பலாத்தோல்,
அதன்மேல் சாணிக் கரைசல், மறுபடி சருகு,
இடுப்புயரக் குவியல்.
அவள் மச்சினி தையல்நாயகி
நடுவில் செருகியிருந்த கடப்பாரையை உருவி
"தொட்டுப் பாருண்ணே" என்றாள்.
தொட்டேன். கையை உதறினேன்.
ரெண்டு பேரும் சிரித்தார்கள்.

இருபத்தியொரு நடை. பதினாலு டன் முந்நூறு.
மார்கழியில் மக்கை நிலத்துக்கு ஏற்றிப்போகும் வழியில்
மறுபடி மேடைக்கு வந்தாள்.
எல்லாம் சேர்த்து நாலு டன்தான்.
என் தொழிலில் எடை குறைந்தால்
யாரோ திருடியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.
"பத்து டன் எங்க?" என்றேன்.
"மூச்சா போச்சு" என்றாள்,
சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டே.

நேற்று, பங்குனிக் கடைசி,
வண்டி இல்லாமல் நடந்து வந்தாள்.
கையில் வேரோடு ஒரு கடலைச் செடி.
காய் எண்ணச் சொன்னாள். முப்பத்தியெட்டு.
"கிழக்குப் பாதி மட்டும்தான்.
மேற்கால இன்னும் பொக்குதான், மக்கு எட்டல.
இன்னும் எத்தன நட?"
கணக்குப் போட்டுச் சொன்னேன்.
மிச்சத்தின் விலை இருநூறாகிவிட்டதையும் சொன்னேன்.
கம்பெனியைத் திட்டினாள், ஊரறிந்த வார்த்தையில்.

உதறின வேரிலிருந்து
ஈர மண்ணோடு ஒரு புழு மேடையில் விழுந்தது.
என் மேடை பத்துக் கிலோவுக்குக் கீழே எதையும் பார்க்காது.
சிவப்பு எண் பூஜ்யத்திலேயே நின்றது.
சுடுகிற இரும்புத் தகட்டில்
அது நெளிந்து நெளிந்து ஓரம் தேடியது.

இந்த வருஷத்து முதல் பலா லாரி
பின்னால் நின்று ஹாரன் அடித்தது.
அவள் குனிந்து
கடலை இலையில் அதை ஏந்தி எடுக்கும்வரை
நான் பச்சை விளக்குப் போடவில்லை.