மீதி வழி

மழைக்கோட்டு அவருடைய பெயரை மூடியிருந்தது.
எங்கள் பெயர்கள் இரண்டும்
அவருடைய ஈரக் கொப்பியில் ஏறிவிட்டன.

குருக்கள்மடத்துக்கு இன்னும் அரைக் கட்டை.
மார்கழி. வைப்பர் ஒரு பக்கம்தான் வேலை.
டோர்ச் வெளிச்சம் முதலில் என் முகத்தில்,
பிறகு மீட்டரில்,
பிறகு பின்சீட்டில் இருந்தவளின் மடியில் நின்றது.

"இறங்கு. திற."

திறந்தேன்.
வீட்டுக்கு வந்தால் கேட்கலாமாம்,
நீதவான் ஒப்பம் வைத்த கடதாசி இருக்கோ எண்டு.
மூண்டு சில்லில் ஓடுற இடத்துக்கு?
ஒருமுறை சட்டத்தரணி ஒருவரை
கோட்டடியில் இறக்கப் போகையில் கேட்டேன்.
"அது பெரிய கதை தம்பி" என்றார்.
கதை தொடங்குமுன் கோட்டடி வந்துவிட்டது.

பின்சீட்டுக்குக் கீழே
ஜாக்கி. பழைய டியூப். மகனின் ஒற்றைச் சப்பாத்து.
மூன்று மாதம் கட்டாத லீசிங் கடிதம்.
மனிசிக்கு இன்னும் தெரியாது,
அவருக்கு இப்போது தெரியும்.
மீட்டருக்குப் பின்னால் மாமாங்கத்துத் திருநீறு,
பேப்பர் மடிப்பு.
விரித்தார். மணந்தார்.
நாக்கு நுனியில் தொட்டும் பார்த்தார்.
நான் சிரிக்கவில்லை.
கண்ணாடியில் ஒட்டியிருந்த பிள்ளையாரும் சிரிக்கவில்லை.

பிறகு அவளுடைய பை.

"அது ஹயர் வந்த பிள்ளையிர சேர்,
என்ர சாமான் இல்ல."
"அப்ப என்ன பயம்?"
பயம் என்று நான் சொல்லவேயில்லை.
அவள் என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.
கொடுத்தாள்.
கொடுத்தாள் என்றுதான் எழுதப்படும்.
கையைத் தவிர
அவளில் வேறெதுவும் கொடுக்கவில்லை.

சாப்பாட்டுப் பெட்டி. சீப்பு. குடை.
ஆஸ்பத்திரிக் கொப்பி, பொலித்தீன் உறைக்குள்.
மழைக்கென்று மட்டும் சுற்றியதல்ல அந்த உறை.
டோர்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
உறையைக் கழற்றி
எங்கள் ஊர்த் தமிழில்
எழுத்துக்கூட்டி ஒரு சொல் வாசித்தார்.
சத்தமாக.

அந்தச் சொல்லை இங்கே எழுத மாட்டேன்.
அவளுடைய பெயரையும்.
வாசிக்கிற நீங்களும்
கொஞ்சம் வெளியே நில்லுங்கள்.

"சரி, போ."
கஞ்சா இல்லை. தோட்டா இல்லை.
மற்றதெல்லாம் இருந்தது,
மற்றதெல்லாம் எடுத்தாயிற்று.

செட்டிபாளையம். மாங்காடு. தேற்றாத்தீவு.
முன்கண்ணாடியை மேலே திருப்பிவிட்டேன்,
கூரைத் துணி மட்டும் தெரியும்படி.
அதையும் அவள் பார்த்திருப்பாள்.
கேட்காதவன் எதற்குக் கண்ணாடியைத் திருப்புகிறான்?

களுதாவளை. வெற்றிலைத் தோட்டத்து வேலிகள்
லைட் பட்டு மினுங்கின.
"இதில நிப்பாட்டுங்க அண்ணே."
அவளுடைய ஒழுங்கை அடுத்த சந்தியில் என்று
ஒன்றரை வருடமாய் எனக்குத் தெரியும்.
நிப்பாட்டினேன்.
ஆயிரம் ரூபாய்த் தாள் மூன்று.
மீதிக்கு நிற்கவில்லை.
முந்நூற்றைம்பது ரூபாயை நீட்டியபடி
என் கை மட்டும் மழைக்குள் இருந்தது.

மாதத்தில் ஒரு செவ்வாய் அவள் அழைப்பாள்.
தை போயிற்று. மாசியும்.
முந்தாநாள் கல்லடிப் பாலத்தில் கண்டேன்,
வேறொருவனின் பச்சை ஓட்டோ,
இரண்டு பக்கமும் படங்கு இறக்கி,
அந்த வெயிலுக்குள்.

வாசித்தவருக்கு அந்தச் சொல்
மறுநாளே மறந்திருக்கும்.
எத்தனை பை, எத்தனை கொப்பி அவருக்கு.
என்னிடம்தான் தங்கிவிட்டது,
நான் கேட்டு வாங்காதது,
திருப்பிக் கொடுக்க வழியில்லாதது.

"ஏன் அந்தப் பிள்ளை இப்ப வாறல்ல?"
மனிசி கேட்டாள், மீனைக் கழுவிக்கொண்டே.
"ஆருக்குத் தெரியும்" என்றேன்.

முந்நூற்றைம்பது ரூபாயும்
மீட்டருக்குப் பின்னால்
திருநீற்று மடிப்போடு இருக்கிறது.
அடுத்த முறை யாராவது விரிக்கையில்
இது என்ன காசு என்று கேட்பார்கள்.