படிக்கணக்கு

சமாவா கல்லூரி, மூன்றாம் மாடி,
ஜெனரேட்டர் நின்றுபோன மதியம்.
பேராசிரியர் மிக்தாம் பலகையில் வரைந்தார்:
ஒரு தலை, அதன் வாயருகே ஒரு கிண்ணம்.
"உண் என்ற சொல்லை
இந்த மண்ணில் முதலில் இப்படித்தான் எழுதினார்கள்."
என் வயிறு இரைந்தது.
பக்கத்தில் ரஃபல் சிரித்தாள்,
அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

பிறகு பட்டியல் வந்தது,
நெசவுக்கூடத்துக் களிமண் ஏடொன்றின் நகல்.
ஆணுக்கு மாதம் அறுபது படி வாற்கோதுமை.
பெண்ணுக்கு முப்பது.
பிள்ளைக்குப் பத்து, வளர்ந்துவிட்டால் இருபது.
சில பெயர்களுக்குப் பக்கத்தில் ஒரு குறி: செத்தாள்.
ஒரே ஒருத்திக்கு மட்டும்: ஓடிப்போனாள்.

தேர்வில் வரும் என்று
எல்லோரும் அறுபதை அடிக்கோடிட்டார்கள்.
நான் ஓடிப்போனவளை.
எந்தப் பக்கம் ஓடியிருப்பாள்?
ஆற்றோடா, ஆற்றை எதிர்த்தா?
நாணற்காட்டில் முதல் ராத்திரி
எதைத் தின்றிருப்பாள்?
அந்த மாதம் கணக்கில் முப்பது படி மிச்சம்.
அதை யார் தின்றார்கள்?

கோபம் வந்தது. சுலபமான கோபம்.
நாலாயிரம் வருடத்துக்கு முன் செத்தவன்மேல் கோபப்படக்
காசா, பணமா?
கோயில் அதிகாரியைத் திட்டினேன்,
அரசனைத் திட்டினேன்,
அவன் பெயர் குத்திய செங்கல்லைக்கூட.
எல்லோரையும்விட அந்த எழுத்தனைத்தான் அதிகம் வைதேன்.
உட்கார்ந்த இடத்தில்
ஈர மண்ணில் நாணல் குச்சியால் ஒரு குத்து,
ஒருத்தி பாதியாகிவிட்டாள்.
'பாவி, கை நடுங்கவே இல்லை,
கோடுகள் எவ்வளவு நேர்'
என்று நோட்டின் ஓரத்தில் எழுதிவைத்தேன்.

வெள்ளிக்கிழமை
வழக்கம்போல் பேரீச்சம்பழக் கொட்டகைக்குப் போனேன்.
அபூ ஸஜ்ஜாத் நீல நோட்டை நீட்டினார்.
"படித்த பிள்ளை. உன் கையெழுத்துதான் அழகு."
இரண்டு வருடமாக இங்கே நான்தான் கணக்குப்பிள்ளை.
பெட்டி அடுக்கும் ஆணுக்கு இருபதாயிரம் தினார்.
அதே பெட்டியை அடுக்கும் பெண்ணுக்குப் பத்து.
கேட்டால், "எப்போதும் அப்படித்தானே" என்பார்.
எப்போதும் என்றால் எத்தனை காலம் என்று
இப்போது எனக்குத் தெரியும்.

பத்ரிய்யா, பத்து.
ஷுக்ரிய்யா, பத்து.
ஹஸ்னா, பத்து. அது அம்மா.
ஸ்கேல் வைத்துக் கோடு போடுவேன் நான்.
போன வருடம் குழந்தைக்குக் காய்ச்சலென்று
உச்சிவேளையில் கிளம்பினாள் ஸபீஹா.
ஐந்து என்று எழுதினேன்.
மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும்.
பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெருக்கல் குறி,
சுத்தமாக, கட்டத்துக்குள் அடங்கும்படி.

என் கூலி எவ்வளவு என்று
இதுவரை யாரும் கேட்டதில்லை.
பதினைந்து.

அம்மாவிடம் அந்த ஏட்டைப் பற்றிச் சொன்னேன்.
விரலிடுக்கில் ஒட்டிய பழப்பாகைத் தேய்த்துக் கழுவியபடி கேட்டாள்:
"முப்பது படி, மாதம் முழுக்கவா?
அவள் வீட்டில் எத்தனை பேராம்?"
ஏட்டில் அது இல்லை, அம்மா.
"அப்புறம் என்ன கணக்கு எழுதினான் அவன்?"

தேர்வில் வந்தது:
சமூகப் படிநிலைகள் தோன்றியதற்கான காரணங்களை விளக்குக.
பத்து மதிப்பெண்.
உபரி தானியம் என்று எழுதினேன்,
வாய்க்கால், கோயில், படை,
பிறகு எழுத்து.
அந்தச் சொல்லில் பேனா கொஞ்ச நேரம் நின்றது.
மை ஊறி ஒரு பொட்டு விழுந்தது.
ஏழு போட்டார்.

"இனிமேல் போகாதே" என்கிறாள் ரஃபல்.
அவள் அப்பாவுக்கு மருந்துக்கடை.
நான் போனேன்.
அபூ ஸஜ்ஜாத் தேநீர் வாங்கப் போன நேரத்தில்
பழைய பக்கங்களைத் திருப்பி
ஸபீஹாவின் பெருக்கல் குறிக்குப் பக்கத்தில்,
இடம் போதாமல், கட்டத்தைத் தாண்டி,
'குழந்தைக்குக் காய்ச்சல்' என்று எழுதினேன்.
யாராவது எப்போதாவது படிக்கட்டும்.

பிறகு இன்றைய தேதி போட்டு,
ஸ்கேலை எடுத்து வைத்தேன்.
பத்ரிய்யா, பத்து.